எங்கள் வார்டில் 290 ஓட்டு, பக்கத்து வார்டில் 812 ஓட்டு: மனு எதை வைத்துப் போடுவது?

தென்பெண்ணைக்கரை:

காவேரிப்பட்டணம் ஒன்றியத்தில் ஒரு ஊராட்சி. ஊர்ப் பெயரைப் போடவில்லை. போட்டால் காலையில் டீக்கடையிலேயே என்னைப் பிடித்துக்கொள்வார்கள். மாம்பழ மண்டியில் கணக்கு எழுதுகிறேன். சீசன் முடிந்து கை சும்மா இருந்த நேரத்தில் எங்கள் ஊராட்சியின் வாக்காளர் பட்டியலை எடுத்துவைத்து வார்டு வார்டாகக் கூட்டிப் பார்த்தேன். கணக்கு எழுதுகிறவனுக்கு அதுதானே வியாதி.

மொத்தம் ஒன்பது வார்டு. 3-வது வார்டில் 812 பேர். 7-வது வார்டில் 290 பேர். இரண்டு வார்டுக்கும் ஆளுக்கு ஒரு மெம்பர்தான். 3-வது வார்டில் பெரும்பகுதி முன்பு நிலக்கடலைக் கொல்லையாக இருந்த இடம். 2014-க்குப் பிறகு பிளாட் போட்டு விற்றார்கள். பர்கூர் சிப்காட்டுக்கும் கிருஷ்ணகிரிக்கும் வேலைக்குப் போகிறவர்கள் வீடு கட்டிக் குடிவந்துவிட்டார்கள். 7-வது வார்டு என்பது இரண்டு கொட்டாய், அதாவது சின்னக் குடியிருப்பு, சுற்றிலும் மாந்தோப்பு. பாதிப் பேர் பெங்களூரில் கட்டட வேலை. பொங்கலுக்கும் மாரியம்மன் பண்டிகைக்கும் வருவார்கள்.

2019 டிசம்பர் தேர்தலில் 7-வது வார்டில் 118 ஓட்டு வாங்கியவர் ஜெயித்தார். 3-வது வார்டில் 240 ஓட்டு வாங்கியவர் தோற்றார். அதோடு முடிந்திருந்தால்கூட நான் இவ்வளவு யோசித்திருக்க மாட்டேன். துணைத் தலைவரை மெம்பர்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். ஊராட்சிக் காசோலையில் தலைவரோடு சேர்ந்து கையெழுத்துப் போடுவது துணைத் தலைவர். எங்கள் ஊரில் அந்த 118 ஓட்டுக்காரர்தான் ஐந்து வருடம் கையெழுத்துப் போட்டார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் யாராவது தோண்டி எடுக்க வேண்டாம். அவர் என் பெரியப்பா. நானும் 7-வது வார்டுதான்.

இதைத் திருத்தச் சொல்லி மனு கொடுக்க வேண்டும் என்றால் எங்கே கொடுப்பது? இந்த 812-க்கு 290 என்ற கணக்கு போதுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற எழுத்தர்:

தம்பி, ஒன்றிய அலுவலகத்தில் பல வருடம் குப்பை கொட்டியவன். உங்கள் கணக்கு சரி, ஆனால் அந்தக் கணக்கை வைத்து மனு நிற்காது. வார்டு பிரிப்பது வாக்காளர் எண்ணிக்கையை வைத்து இல்லை, மக்கள்தொகையை வைத்து. அதிலும் கடைசியாக வெளியான கணக்கெடுப்பின் எண்ணிக்கை. அரசியல் சட்டம் 243-வது பிரிவே அப்படித்தான் சொல்கிறது. அதாவது இன்றைய தேதிக்கும் 2011 கணக்குதான். அந்த வருடம் உங்கள் 3-வது வார்டில் பிளாட் போட்ட இடத்தில் இருந்தது கடலைச் செடி. செடியை யார் எண்ணுவார்?

எப்படிப் பிரித்தோம் என்று சொல்கிறேன், கேளுங்கள். 2017-ல் வார்டு எல்லைகளைப் புதிதாகப் பிரிக்க மறுவரையறை ஆணையச் சட்டம் வந்தது. மாநிலத் தேர்தல் ஆணையர்தான் ஆணையத்தின் தலைவர். எங்கள் கைக்கு வந்தது கணக்கெடுப்பு பிளாக் வாரியான தாள்கள். ஒரு பிளாக் என்றால் ஒரு கணக்கெடுப்பாளர் அன்றைக்குச் சுற்றிவந்த வீடுகள். கூடவே கையால் போட்ட ஒரு படம். வடக்கே ஓடை, தெற்கே இன்னார் தோட்டம், கிழக்கே புளியமரம் என்று எழுதியிருக்கும். அந்தப் புளியமரத்தை ரோடு அகலப்படுத்தும்போது வெட்டியாகிவிட்டது. ஊராட்சி செயலரைக் கூப்பிட்டு "மரம் எங்கப்பா இருந்தது?" என்று கேட்டு, அவர் விரல் வைத்த இடத்தில் கோடு போட்டோம்.

மொத்த மக்கள்தொகையை வார்டு எண்ணிக்கையால் வகுப்பது. உங்கள் ஊராட்சியில் அன்றைக்கு 4,140 பேர் என்று வைத்துக்கொண்டால், ஒன்பது வார்டுக்குத் தலா 460. பிளாக்குகளைச் சேர்த்துச் சேர்த்து 460-க்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். எந்த பிளாக்கும் நம் வசதிக்கு 460 ஆக இருக்காது. 610 இருக்கும், அதைப் பிய்க்க வேண்டும். பிய்க்கிற இடம் சில சமயம் தெருவின் நடுவாக அமைந்துவிடும். சட்டத்தில் "கூடுமானவரை" ஒரே விகிதமாக இருக்க வேண்டும் என்று 243-சி சொல்கிறது. அந்தக் கூடுமானவரைக்குள் ஒரு லாரியே போய்வரலாம்.

ஆக, 2011 கணக்கில் உங்கள் 3-ம் 7-ம் ஏறக்குறைய சமமாகத்தான் இருந்திருக்கும். தப்பாகப் பிரிக்கவில்லை, பிரித்த பிறகு ஊர் மாறிவிட்டது.

முன்னாள் மெம்பர் அக்கா:

எழுத்தர் ஐயா சொல்வது ஒரு பாதி. பிய்க்கிற இடம் "அமைந்துவிடும்" என்கிறாரே, அது எப்போதும் எங்கள் தெருவிலேயே ஏன் அமைகிறது என்று ஐயாவைக் கேட்க வேண்டும்.

நான் பாலக்கோடு பக்கம். ஒரு முறை வார்டு மெம்பராக இருந்தேன். எங்கள் காலனியில் 120 வீடு. ஒரே தெரு, ஒரே மாரியம்மன் கோவில், ஒரே தண்ணீர்த் தொட்டி. அதை மூன்று வார்டாக்கியிருந்தார்கள். தெருவின் கிழக்கு வரிசை 4, மேற்கு வரிசை 5, தொட்டிக்கு அந்தப் பக்கம் உள்ள இருபத்தைந்து வீடு 6. மூன்றிலும் எங்களை விட ஊர்த்தெரு ஓட்டு அதிகம். 4-வது வார்டு எஸ்.சி. பெண்கள் வார்டு என்று வந்ததால் நான் நின்றேன், ஏழு ஓட்டில் ஜெயித்தேன். அந்த ஒதுக்கீடு இல்லாமல் பொது வார்டாக இருந்திருந்தால் எங்கள் காலனியிலிருந்து ஒருவரும் உள்ளே போயிருக்க முடியாது, ஓட்டு 120 வீட்டில் இருந்தும்.

என்ன கஷ்டம் என்று கேட்பீர்கள். ஒரு தெருவிளக்குக் கதை சொல்கிறேன். கம்பம் மேற்கு வரிசையில், அதாவது 5-வது வார்டில். வெளிச்சம் விழுவது எங்கள் வரிசையில். பல்பு போய்விட்டது. கூட்டத்தில் நான் கேட்டேன், "அது உன் வார்டு இல்லையேம்மா" என்றார்கள். 5-வது வார்டு மெம்பர் வீடு ஊருக்குள் இருக்கிறது, அவருக்கு அந்தக் கம்பம் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. நாற்பது நாள் இருட்டு. கடைசியில் என் வீட்டுக்காரர் நூற்றிருபது ரூபாய்க்கு பல்பு வாங்கிவந்து, லைன்மேனைக் கெஞ்சிப் போடவைத்தார். ஒகேனக்கல் தண்ணீர் விடுவதிலும் அதே கதைதான். தொட்டி 6-வது வார்டு கணக்கில் இருந்ததால், வால்வு திறக்கிறவர் அந்த மெம்பர் சொன்னால்தான் கேட்பார்.

தம்பி, எண்ணிக்கை சமமாக இருந்தாலும் கோடு எங்கே போகிறது என்று பாருங்கள். மனுவில் நிற்கக்கூடியது அதுதான். தலை எண்ணிக்கை அவர்கள் கையில் உள்ள தாளில் இருக்கிறது. ஒரே தெரு மூன்றாக வெட்டப்பட்டிருப்பது எந்தத் தாளிலும் இல்லை, நாம் எழுதிக் கொடுத்தால்தான் தெரியும்.

ஓசூர் பார்ட்டி:

எல்லாருக்கும் தெரிந்ததுதான். பிரிக்கிறவர்கள் பிரிப்பார்கள், நாம் ஓட்டுப் போடுவோம். இங்கே 2019-ல் மாநகராட்சி ஆக்கினார்கள், 45 வார்டு. 2022 பிப்ரவரி 19-ல் ஓட்டும் போட்டாயிற்று. என் அண்ணன் வீடும் என் வீடும் முதுகோடு முதுகு ஒட்டியவை, வேறு வேறு வார்டு. குப்பை வண்டி அவன் வீட்டுக்குக் காலையில் வரும், எனக்கு மத்தியானம். கோர்ட்டுக்குப் போங்கள், வேறு வழியில்லை.

ஓய்வுபெற்ற எழுத்தர்:

கோர்ட்டுக்குப் போங்கள் என்பது சுலபம். வார்டு பிரிக்கிற சட்டம் செல்லுமா என்று கோர்ட்டில் கேள்வி கேட்கக் கூடாது என்று 243-ஓ இருக்கிறது. 2019-ல் உச்ச நீதிமன்றம் ஒன்பது மாவட்டத்தில் ஊரகத் தேர்தலை நிறுத்திவைத்ததே என்பார்கள். அது புதிதாக மாவட்டம் பிரித்துவிட்டு, வார்டை அதற்குத் தகுந்தபடி பிரிக்காமல் தேர்தலுக்குப் போனதால். நம் கிருஷ்ணகிரி மாவட்டம் தர்மபுரியிலிருந்து பிரிந்தது 2004-லேயே, அதனால் நமக்கு அந்தப் பிரச்சினை வரவில்லை. டிசம்பர் 27, 30 தேதிகளில் ஓட்டுப் போட்டோம்.

அக்கா கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும். பிளாக் பிய்க்கும்போது யாருடைய தெருவைப் பிய்ப்பது என்று எந்த விதியும் கிடையாது. அன்றைக்கு அலுவலகத்தில் யார் வந்து உட்கார்ந்திருந்தார்களோ அவர்கள் தெரு பிழைத்தது. காலனியிலிருந்து யாரும் வந்து உட்காரவில்லை. வந்தால் நாற்காலி போட்டிருப்போமா என்று கேட்டால், அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.

2017 டிசம்பர் கடைசியில் வரைவு ஒட்டினார்கள். ஆட்சேபனை சொல்ல மிகக் கொஞ்ச நாள்தான். ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டியதை ஆடு தின்றதா, ஆள் கிழித்தாரா, தெரியாது. எங்கள் ஒன்றியத்தில் வந்த ஆட்சேபனைகளை ஒரு கையால் தூக்கிவிடலாம்.

தென்பெண்ணைக்கரை:

அக்கா சொன்ன பிறகு பட்டியலை மறுபடி எடுத்து, கதவு எண்ணை வைத்துத் தெரு தெருவாகக் குறித்தேன். எங்கள் ஊர்க் காலனியும் இரண்டு வார்டில்தான் இருக்கிறது. ஐம்பது அடி வாய்க்கால் ஒன்று நடுவில் போகிறது, அதைக் காரணம் சொல்வார்கள். ஆனால் வாய்க்காலுக்கு இரண்டு பக்கமும் உள்ள ஊர்த்தெரு மட்டும் ஒரே வார்டு! முப்பது வருடமாக அந்த ஊரில் இருக்கிறேன், நேற்று வரை இது என் கண்ணில் படவில்லை.

சரி ஐயா, வாக்காளர் எண்ணிக்கை உதவாது, 2011 கணக்கில் சமம் என்கிறீர்கள். அப்படியானால் 3-வது வார்டில் பிளாட் வாங்கிக் குடிவந்த லேஅவுட்காரர்கள் என்ன செய்வது? தலைவர், மெம்பர்கள் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்துவிட்டது. இப்போது அவர்களுக்குப் பதில் அரசு போட்ட தனி அலுவலர்தான். மனுவை அவரிடம் கொடுப்பதா?

ஓய்வுபெற்ற எழுத்தர்:

தனி அலுவலருக்கு ஒரு நகல் கொடுங்கள், ஆனால் கோடு மாற்றுவது அவர் கையில் இல்லை. திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுங்கள், மாநிலத் தேர்தல் ஆணையத்துக்குப் பதிவுத் தபாலில் ஒன்று அனுப்புங்கள். ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். கிராம சபையில் தீர்மானமாக எழுதவைத்தால் இன்னும் நல்லது. வெறும் பேச்சாக விட்டால் மினிட்டில் "பொது விவாதம் நடந்தது" என்று முடித்துவிடுவார்கள்.

லேஅவுட்காரர்களுக்கு வேறு வேலை இருக்கிறது. அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1-தான் கணக்குத் தேதி. அதற்கு முன் 2026 ஏப்ரலிலிருந்து செப்டம்பருக்குள் வீட்டுப் பட்டியல் எடுப்பு. கணக்கெடுப்பாளர் வரும்போது "நாங்கள் சொந்த ஊரில் கணக்குக் கொடுத்துக்கொள்கிறோம்" என்று அனுப்பிவிட்டால், அடுத்த வார்டு பிரிப்பிலும் அங்கே கடலைச் செடிதான் இருக்கும். வாடகைக்கு இருக்கிறவர்களும் எங்கே குடியிருக்கிறார்களோ அங்கேதான் கணக்குக் கொடுக்க வேண்டும். ஓட்டு எந்த ஊரில் இருக்கிறது என்பது இதற்குச் சம்பந்தமில்லாத விஷயம். அவசரப்படாதீர்கள். 2011 கணக்கை வைத்து வார்டு பிரிக்கவே 2017 ஆயிற்று.

முன்னாள் மெம்பர் அக்கா:

அந்த எல்லை விவரத்தில் புளியமரம் எழுதவிடாதீர்கள் தம்பி. ஈ.பி. கம்ப எண் எழுதச் சொல்லுங்கள்.

தென்பெண்ணைக்கரை:

மனு எழுதிவிட்டேன். முதல் பக்கத்தில் காலனியும் வாய்க்காலும், கை வரைபடத்தோடு, கம்ப எண் போட்டு. இரண்டாம் பக்கத்தில் 812, 290. உதவாது என்று தெரியும், இருந்தாலும் கூட்டிய கணக்கை எழுதாமல் விட மனசு வரவில்லை.

பெரியப்பாவிடம் காட்டினேன். "நம்ம சோத்துல நாமே மண்ணைப் போட்டுக்கறதா?" என்று கேட்டார். அப்புறம் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு 7-வது வார்டு பட்டியலைக் கடைசி வரை படித்தார். செத்துப்போனவர்கள் நான்கு பேர் இன்னும் அதில் இருக்கிறார்கள் என்று பெயர் பெயராகச் சொன்னார். 290 இல்லையாம், 286-ஆம், திருத்திவிடச் சொன்னார். கையெழுத்து மட்டும் போடவில்லை.

லேஅவுட்டில் வீடு வீடாகப் போனேன். பதினொரு பேர் போட்டார்கள். காலனியில் அறுபத்து மூன்று. வருகிற திங்கட்கிழமை காலை ஏழரை பஸ்ஸில் கிருஷ்ணகிரிக்குப் போகிறோம்.