மார்கழிக் குளிரில் பைக்: காலை ஸ்டார்ட்டிங் முதல் மலை இறக்கம் வரை, அவரவர் பார்த்ததைப் போடுங்கள்

ஈரோடு, கார்புரேட்டர் 100சிசி

மார்கழி, தை மாதங்களில் காலையில் கிக்கரை மிதித்துக் களைத்துப் போகிறவர்கள் பெரும்பாலும் செய்வது ஒரே தப்பு: சோக்கையும் இழுத்து, ஆக்சிலேட்டரையும் முறுக்குவது. உள்ளே போகும் காற்றை அடைத்து, எஞ்சினின் இழுப்பில் பெட்ரோலைக் கூடுதலாக வரவைப்பதுதான் சோக்கின் வேலை. ஆக்சிலேட்டரைத் திறந்தால் அந்த இழுப்பு தளர்ந்துவிடும்.

முறை இதுதான். பெட்ரோல் டேப்பைத் திறந்து அரை நிமிடம் விடுங்கள். சோக் முழுசாக. சாவி ஆஃபில் இருக்கும்போதே கிக்கரை மூன்று நான்கு முறை மெதுவாக மிதியுங்கள். பிறகு சாவியைப் போட்டு, ஆக்சிலேட்டரைத் தொடாமல் ஒரே மிதி. பிடித்ததும் அரை நிமிடத்தில் சோக்கைப் பாதியாக்கி, ஒரு நிமிடத்துக்குள் முழுசாக எடுத்துவிடுங்கள். சோக்கோடு தெருமுனை வரை போனால் பிளக் கரி பிடிக்கும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரிலிருக்கும் ஆயிலையும் கழுவிவிடும்.

பெட்ரோல் வாடை தூக்கலாக அடித்தால் எஞ்சின் பெட்ரோலைக் குடித்துவிட்டது என்று அர்த்தம். சோக்கை முழுசாக எடுத்துவிட்டு, ஆக்சிலேட்டரை முழுசாகத் திறந்து பிடித்துக்கொண்டு ஐந்தாறு மிதி. அதற்கும் மசியவில்லை என்றால் பிளக்கைக் கழற்றித் துடைத்துக் காயவையுங்கள். இடைவெளி பெரும்பாலான வண்டிகளுக்கு 0.7 முதல் 0.9 மி.மீ. வரை, சரியான அளவு வண்டிப் புத்தகத்தில் இருக்கும்.

இரண்டு வாரத்துக்கு மேல் நின்ற வண்டி என்றால் கார்புரேட்டரின் அடியிலுள்ள டிரெயின் ஸ்க்ரூவை ஒரு சுற்று தளர்த்தி, சின்ன கண்ணாடி பாட்டிலில் பிடித்துப் பாருங்கள். கலங்கலாக இருந்தாலோ, அடியில் தனியாக ஒரு படலம் தெரிந்தாலோ அது தண்ணீர். பாதி காலியான டேங்கில் ராத்திரி பனிக்கு உள்சுவர் வியர்க்கும். இப்போது வரும் எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுத்துக்கொள்ளவும் செய்யும். குளிர்மாதங்களில் வண்டியை நிறுத்திவைப்பதென்றால் டேங்கை நிரப்பி நிறுத்துங்கள்.

கோவை, பிஎஸ்6 350சிசி

அண்ணன் சொன்னது கார்புரேட்டர் வண்டிக்கு. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதி) பைக்குகள் அநேகமாக எல்லாமே எஃப்ஐ, அதாவது கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலைப் பீச்சும் ஃபியூயல் இன்ஜெக்ஷன். அவற்றில் சோக் கிடையாது, ஆக்சிலேட்டரை முறுக்குவதிலும் பயனில்லை. கில் சுவிட்சை ஆனில் வைத்து, சாவியைத் திருப்பி, பெட்ரோல் பம்ப் சத்தம் ஓய்கிறவரை இரண்டு மூன்று நொடி பொறுங்கள். அப்புறம் செல்ஃப். ஒரு தடவைக்கு ஐந்து நொடிக்கு மேல் அழுத்தாதீர்கள். அடுத்த அழுத்தலுக்கு முன் பத்துப் பதினைந்து நொடி இடைவெளி கொடுங்கள்.

குளிரில் மாட்டிக்கொள்வது பேட்டரி. ஏற்கனவே நைந்துபோனது கோடை முழுக்க நடித்துக்கொண்டிருக்கும், மார்கழியில் வேஷம் கலைந்துவிடும். மல்டிமீட்டர் இருந்தால் காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் பாருங்கள்: 12.6 வோல்ட்டுக்கு மேல் என்றால் நல்ல சார்ஜ், 12.4 பரவாயில்லை, 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. செல்ஃப் அழுத்தும் நேரத்தில் 9.5-க்குக் கீழே சரிந்தால் பேட்டரியை மாற்றும் காலம் நெருங்கிவிட்டது. ஓடும் எஞ்சினில், 4,000 ஆர்பிஎம் பக்கத்தில் 13.5 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரைப் பாருங்கள். அதைச் சரிசெய்யாமல் புது பேட்டரி வாங்கிப் போட்டாலும் இரண்டு வாரத்தில் அதே கதைதான். டெர்மினலில் வெள்ளைப்பொடி இருந்தால் பேட்டரியைக் கழற்றி, டெர்மினலை வெந்நீர் விட்டுத் துடைத்து, காயவைத்து, வாசலைன் தடவி இறுக்குங்கள். கழற்றும்போது முதலில் மைனஸ், மாட்டும்போது கடைசியில் மைனஸ்.

திருப்பூர், 125சிசி

ஸ்டார்ட் செய்துவிட்டுப் பத்து நிமிடம் நிற்கவிட வேண்டுமா? எங்கள் தெருவில் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

கோவை, பிஎஸ்6 350சிசி

வேண்டாம் தம்பி. 30 நொடி, மிஞ்சினால் ஒரு நிமிடம். அதற்குள் ஆயில் மேலே ஏறிவிடும். அப்புறம் முதல் மூன்று நான்கு கிலோமீட்டர் மெதுவாக ஓட்டினால் எஞ்சின் மட்டுமல்ல, கியர்பாக்ஸ், செயின், டயர் எல்லாம் சேர்ந்து சூடாகும். நின்றபடி உறுமுவதால் பெட்ரோலும் பக்கத்துவீட்டுக்காரர் தூக்கமும்தான் வீண்.

இன்னொன்று. தினமும் கடைக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் மட்டும் ஓடும் வண்டியில் ஆயில் மூடியைத் திறந்தால் உட்பக்கம் மோர் மாதிரி வெள்ளையாக ஒட்டியிருக்கும். பார்த்ததும் 'கேஸ்கட் போச்சு' என்று பதறுகிறார்கள். காற்றில் குளிரும் எஞ்சினில் கூலண்டே (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) கிடையாது, கசிய என்ன இருக்கிறது? எஞ்சின் முழுசாகச் சூடேறாததால் உள்ளே படிந்த ஈரம்தான் அது. வாரத்தில் ஒருநாள் அரைமணி நேரம் நிற்காமல் ஓட்டினால் ஆவியாகிப் போய்விடும். கூலண்ட் உள்ள வண்டியில், ரிசர்வ் டப்பாவில் அளவும் குறைந்துகொண்டே வந்தால்தான் மெக்கானிக்கிடம் ஓட வேண்டும்.

சேலம், 150சிசி

டயர் காற்று பற்றி ஒரு கணக்கு. 'மலை ஏறினால் குளிருக்குக் காற்று குறையும், நாலு பாயிண்ட் கூடப் பிடி' என்று சொல்வதில் பாதிதான் உண்மை. 7 டிகிரி குளிர்ந்தால் ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ (ஒரு பாயிண்ட்) குறையும் என்பது சரி. ஆனால் மேலே போகப் போக வெளிக்காற்றின் அழுத்தமும் குறைகிறது, அதனால் கேஜ் கூடக் காட்டும்.

கோவை 411 மீட்டர் உயரம், ஊட்டி 2,240 மீட்டர். கோவையில் 30 டிகிரியில் 29 பிஎஸ்ஐ பிடித்த டயர், ஊட்டியில் 5 டிகிரியில் கிட்டத்தட்ட 28 காட்டும். குளிர் மூன்றரை பாயிண்ட் பிடுங்கினாலும் உயரம் கிட்டத்தட்ட மூன்றைத் திருப்பித் தந்துவிடுகிறது. ஆகவே ஒருநாள் போய்த் திரும்புவதற்கு வண்டியில் ஒட்டியிருக்கும் அளவே போதும். கூடப் பிடித்த டயர் ஈரத் தாரில் பிடிப்பை இழக்கும்.

ஏமாறுவது சமவெளியில்தான். மத்தியானம் வெயிலில் ஓட்டி வந்த சூட்டோடு பங்கில் அளவு பார்த்துப் பிடித்தால், மறுநாள் காலை 18 டிகிரியில் மூன்று நான்கு பாயிண்ட் குறைவாக இருக்கும். வண்டி ஓடாத டயரில் காலையிலேயே பார்த்துப் பிடியுங்கள். பட்டன் தேய்ந்து வழுவழுப்பான டயரோடு ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுக்குப் போகாதீர்கள்.

குன்னூர், 200சிசி

மேலே இருந்து சொல்கிறேன். நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை ஊட்டியைச் சுற்றியுள்ள தலைகுந்தா, காந்தல், அவலாஞ்சி பக்கம் உறைபனி விழும். புல்வெளி வெள்ளையாவதைப் படம் எடுக்க விடியற்காலையில் வண்டியை முறுக்கிக்கொண்டு வருகிறார்கள். வெயில் படும் இடத்தில் எட்டரை மணிக்கெல்லாம் தார் காய்ந்துவிடும். யூகலிப்டஸ் நிழலும் மலை மறைப்பும் உள்ள வளைவுகளில் பத்து மணிக்கும் ஈரம் நிற்கும். காய்ந்த ரோட்டிலிருந்து திடீரென்று கறுப்பாக மினுமினுக்கும் திட்டுக்குள் நுழைகிறீர்கள் என்றால், வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். திட்டின்மேல் சாய்ந்திருக்கும்போது பிரேக் தொடக்கூடாது.

ராத்திரி வெளியே நின்ற வண்டியின் டிஸ்க்கில் மெல்லிய துருப் படலம் இருக்கும். கிளம்பியதும் மெதுவாகப் போய்க்கொண்டே முன்னும் பின்னும் நான்கைந்து முறை லேசாக அழுத்தித் தேய்த்துவிட்டு அப்புறம் இறக்கத்துக்கு வாருங்கள்.

இறக்கத்தில் இன்னும் நிறையப் பேர் நியூட்ரலில் எஞ்சினை அணைத்துவிட்டு உருட்டுகிறார்கள். எதற்கு? மிச்சமாகும் பெட்ரோல் ஒரு டீக்கு வராது. முழுப் பாரமும் பிரேக்கில் விழும். டிரம் சூடேறினால் பெடல் இறங்குமே தவிர வண்டி நிற்காது. பழைய பிரேக் ஆயில் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். டிஸ்க் சூட்டில் அது கொதித்து ஆவியானால் லீவர் பஞ்சு மாதிரி உள்ளே போய்விடும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை மாற்றச் சொல்வது அதனால்தான். ஏறும்போது எந்த கியர் தேவைப்பட்டதோ அதே கியரில் இறங்குங்கள், பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று. பிரேக்கை விடாமல் தேய்க்காமல், அழுத்தி, விட்டு, அழுத்தி இறங்குங்கள். கருகல் வாடை வந்தால் அகலமான இடத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் நிறுத்துங்கள். டிரம்மில் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

அரசு பஸ் கொண்டை ஊசியில் திரும்ப ரோடு முழுவதும் வேண்டும். எதிரே முகப்பு தெரிந்தால் வளைவுக்குள் நுழையாமல் முன்னாலேயே ஓரமாக நின்றுவிடுங்கள். பின்சக்கரம் உள்பக்கம் எவ்வளவு வெட்டி வரும் என்று பார்த்தால் புரியும். ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி.

ஏறும்போது இழுவை குறைந்தால் வண்டியில் கோளாறு என்று நினைக்காதீர்கள். ஊட்டி உயரத்தில் எந்தச் சாதா எஞ்சினும் ஐந்தில் ஒரு பங்கு பலத்தை இழக்கும். கார்புரேட்டர் வண்டி என்றால் பெட்ரோல் கலவை கூடிப்போய்ப் புகையும் கறுக்கும். ஒருநாள் பயணத்துக்காக ஜெட்டையோ ஸ்க்ரூவையோ நோண்ட வேண்டாம்; கீழே இறங்கினால் தானாகச் சரியாகும்.

பொள்ளாச்சி, 160சிசி

செயினைப் பற்றி யாரும் சொல்லவில்லையே! பனியில் ஒரு ராத்திரி நின்றால் உலர்ந்த செயின் காலையில் செம்மண் நிறத்துக்கு வந்துவிடும். மண்ணெண்ணெய் அல்லது டீசலில் நனைத்த நைலான் பிரஷால் தேயுங்கள். பெட்ரோல் கூடாது, ஓ-ரிங் ரப்பரைக் கெடுக்கும். துணியால் துடைத்து, காய்ந்த பிறகு செயின் லூப் அல்லது 90 நம்பர் கியர் ஆயில், உட்பக்க ரோலரில் படும்படி. கிளம்பும் முன் அல்ல, திரும்பி வந்ததும் செயின் சூடாக இருக்கும்போது போடுங்கள். ராத்திரியில் உள்ளே இறங்கிவிடும், காலையில் ரிம்மில் தெறிக்காது. 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை, மழை மூடுபனியில் ஓட்டினால் அன்றைக்கே.

தொய்வு பார்க்கும்போது சக்கரத்தைச் சுற்றி, செயின் மிகவும் இறுக்கமாக வரும் இடத்தில் அளக்க வேண்டும். பொதுவாக 20–30 மி.மீ.; உங்கள் வண்டிக்கான அளவு சுவிங்ஆர்ம் ஸ்டிக்கரில் இருக்கும். இறுக்கியபின் இரண்டு பக்கக் கோடுகளும் ஒரே எண்ணில் நிற்கிறதா என்று பாருங்கள். பின்னால் டிரம் பிரேக் என்றால் சக்கரம் நகர்ந்ததில் பிரேக் ராடும் மாறியிருக்கும், அதையும் திரும்ப அட்ஜஸ்ட் செய்யாமல் கிளம்பாதீர்கள்.

திண்டுக்கல், ஸ்கூட்டரும் பைக்கும்

உடம்பைப் பற்றிக் கொஞ்சம். 10 டிகிரியில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால் தோலுக்கு 5 டிகிரி போல உறைக்கும். ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போடுவதைவிட, ஒரு ஸ்வெட்டரும் மேலே காற்றுப் புகாத மழைக்கோட்டும் நல்ல பலன் தரும். விரல் மரத்தால் பிரேக்குக்கு நேரமாகும், அதனால் கையுறையில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். ஆனால் லீவர் உணர்வே தெரியாத தடிமனும் ஆகாது.

ஹெல்மெட் கண்ணாடி மூச்சில் மங்கினால்: பாத்திரம் கழுவும் லிக்விட் ஒரு சொட்டு, ஈரத் துணியில் தொட்டு உட்பக்கம் தடவி, காய்ந்ததும் மெத்தென்ற துணியால் லேசாகத் துடையுங்கள். ஒரு காலைப்பொழுது தாங்கும். ஏற்கனவே ஆன்டி-ஃபாக் பூச்சு உள்ள கண்ணாடியில் இதைச் செய்யாதீர்கள். கறுப்புக் கண்ணாடி மூடுபனிக்கு ஆகவே ஆகாது. மூடுபனியில் ஹைபீம் போட்டால் எதிரே வெள்ளைச் சுவர்தான் தெரியும்; லோபீமில் இடது ஓர வெள்ளைக் கோட்டைப் பிடித்துப் போங்கள். ஹஸார்ட் விளக்கைப் போட்டுக்கொண்டு ஓட்டினால் நீங்கள் எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது.

ஈரோடு, கார்புரேட்டர் 100சிசி

கையில் வைத்துக்கொள்ள: ஒரு பிளக்கும் பிளக் ஸ்பேனரும், பஞ்சர் கிட், கைப்பம்பு, ஒரு கிளட்ச் கேபிள். கேபிளை வாங்கி சீட்டுக்கு அடியில் சுருட்டி வைப்பதைவிட, பழைய கேபிளை ஒட்டியே புதியதையும் ஓட்டி, இரு நுனியையும் டேப் சுற்றி வைத்தால் வழியில் அறுந்தாலும் பத்து நிமிட வேலை. லீவர் முனையில் 10–20 மி.மீ. ஆட்டம் இருக்கட்டும்.

நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் இருக்கிறது, முந்தின நாளே எடுத்துவிடுங்கள். கல்லட்டி வழியாக வெளியூர் வண்டிகளை ஊட்டியிலிருந்து கீழே இறங்க விடுவதில்லை. மசினகுடியிலிருந்து ஏறலாம், 36 கொண்டை ஊசி. பந்திப்பூர்ப் பக்கம் போனால் இரவு 9 முதல் காலை 6 வரை கேட் மூடியிருக்கும், அதற்குத் தகுந்த மாதிரி திரும்பும் நேரத்தைப் போட்டுக்கொள்ளுங்கள்.