புதுப்பிப்பு: பிஎச்பி ஃபங்ஷனுக்குள் வரி சுழியமான விவகாரம்
முந்தைய பதிவின் சுருக்கம்: பிஎச்பி என்ற நிரல்மொழியில், பில் தொகையோடு 18% ஜிஎஸ்டி சேர்க்கும் ஃபங்ஷன் (ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டு), எர்ரர் காட்டாமல் வரியில்லாத தொகையையே திருப்பித் தந்தது. வரி வீதம் ஃபங்ஷனுக்கு வெளியே இருந்த ஒரு வேரியபிளில் (மதிப்பைப் பெயரிட்டு வைக்கும் இடம்).

காரணம் கிடைத்துவிட்டது. பிஎச்பியில் வெளியே உள்ள சாதாரண வேரியபிள் ஃபங்ஷனுக்குள் தெரியாது. உள்ளே அது 'நல்' (null), அதாவது மதிப்பே இல்லாதது. நல்லைப் பெருக்கினால் சுழியம். வார்னிங் வந்திருக்கும், சர்வரில் அதைக் காட்டாமல் அணைத்து வைத்திருக்கிறார்கள். ஜாவாஸ்கிரிப்டிலிருந்து வருபவர்களுக்கு இது விசித்திரமாகத்தான் இருக்கும், அங்கே வெளி வேரியபிள் தானாகவே தெரியும்.

வெளி வேரியபிளை உள்ளே கொண்டுவர 'குளோபல்' (global) போடச் சொன்ன நண்பர்களுக்கு நன்றி, ஆனால் எனக்கு அது பிடிக்கவில்லை. வீதத்தை இன்னொரு ஃபைலில் யாராவது மாற்றினால் பில்லும் சத்தமில்லாமல் மாறிவிடும். வீதத்தையே ஃபங்ஷனுக்கு அனுப்பும் இரண்டாவது மதிப்பாக (பாராமீட்டர்) ஆக்கி, எதுவும் அனுப்பாவிட்டால் எடுத்துக்கொள்ள டீஃபால்ட் 18 கொடுத்துவிட்டேன். 5% பொருளுக்கு மட்டும் தனியாக அனுப்பினால் போதும்.

பட்டியலின் ஒவ்வொரு உறுப்பின் மீதும் ஒரு ஃபங்ஷனை ஓட்டும் அரே_மேப் (array_map) உள்ளே பெயரில்லாத ஃபங்ஷன் எழுதுபவர்களுக்கும் இதே சிக்கல்தான். அங்கே 'யூஸ்' (use) போட்டு வேரியபிளை உள்ளே கொண்டுவர வேண்டும். பிஎச்பி 7.4 பதிப்பு முதல் 'எஃப்என்' (fn) என்று சுருக்கமாக எழுதினால் அது தானாகவே எடுத்துக்கொள்ளும், மதிப்பின் நகலை மட்டும். உள்ளே மாற்றினால் வெளியே மாறாது.