மேடிட்ட புல்தரையில் எங்கள் ஊர்ப் போட்டி

இங்கிலாந்தின் லங்காஷயரில் குடியேறிய புதிதில், தெருமுனை மதுவிடுதியின் பின்புறப் புல்தரையில் முதியவர்கள் பந்து உருட்டுவதைப் பார்த்து நின்ற என்னை ஒரு பெரியவர் உள்ளே அழைத்து, கனமான இரண்டு பந்துகளைக் கையில் கொடுத்தார். கிரவுன் கிரீன் பவுல்ஸ் எனப்படும் அந்த ஆட்டத்தின் களம், நடுவில் மேடிட்டு ஓரங்களை நோக்கிச் சரிந்திருக்கும். பந்து நேராக ஓடாமல் ஒருபுறம் வளையும். இலக்காக முதலில் உருட்டப்படும் ஜாக் என்னும் சிறு பந்தும் அப்படித்தான். எத்திசையிலும் ஆடலாம் என்பதால், மேட்டில் ஏறி இறங்கும் பாதையையும் பந்தின் வளைவையும் சேர்த்துக் கணிக்க வேண்டும். அந்தக் கணிப்பு எனக்கு இன்னும் முழுமையாகக் கைவரவில்லை.

அவ்விடுதியின் ஆண்டுப் போட்டியில் அப்போது 64 பேர் பெயர் கொடுப்பார்கள். திறன் குறைந்தவருக்குச் சலுகை தரும் ஹேண்டிகேப் முறையில் எனக்கு ஐந்து புள்ளிகள் முன்னதாகவே வழங்கப்பட்டும், முதல் சுற்றிலேயே 21-க்கு 14 என்று தோற்றேன். என்னை வென்றவர் அந்தப் பெரியவரே. பிளாக்பூலில் 1907 முதல் நடந்துவரும் வாட்டர்லூ போட்டியைப் பார்வையாளராகத் தவறாமல் கண்டவர் அவர். பிரையன் டங்கன் அதை ஐந்து முறை வென்றதைச் சொல்லும்போது அவர் குரலே மாறிவிடும். அதே ஊரில் 1873-இல் தொடங்கிய டால்பட் போட்டி 1975-க்குப் பின் இல்லாமல் போனதையும் அவர்தான் சொன்னார். விடுதி கைமாறியபோது எங்கள் போட்டிக்கும் அக்கதி நேருமோ என்று அஞ்சினார்.

அவர் அஞ்சியது ஏறத்தாழ நடந்தது. புல்தரை வாகன நிறுத்துமிடமாயிற்று. பூங்காவிலிருந்த களத்துக்கு நாங்கள் மாறிய ஆண்டில் 16 பேரே வந்தோம். அடுத்த ஆண்டு அக்களத்தைப் பராமரிக்கப் பணமில்லை என்ற அறிவிப்பும் வந்தது. ஆட்டக்காரர்கள் குறைந்ததால் போட்டி நலிந்தது என்று பலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. களம் போனதால்தான் ஆட்டக்காரர்கள் போனார்கள். புல் வெட்டவும், இலையுதிர் காலத்தில் மண்ணைத் துளையிட்டு மணல் தூவவும் நாங்களே முறைவைத்துக் கற்றுக்கொண்ட பின், தரை சீரானது. பழைய முகங்கள் திரும்பின.

சென்ற செப்டம்பரில் 30 பேர் ஆடினோம். இறுதியாட்டத்தில் 20-க்கு 20 என்று நின்றபோது, இரு பந்துகளில் எது ஜாக்குக்கு அருகில் இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியவில்லை. அந்தப் பெரியவர்தான் மண்டியிட்டு நாடாவால் அளந்தார்.