குறியிட்டு எண்ணியதில் 400 எலி வருகிறது, நம்ப முடியவில்லை. எங்கே இடிக்கிறது?

வணக்கம். ஒரு சின்னப் புல்வெளியில் எத்தனை எலிகள் இருக்கும் என்று கணிக்கப் பார்க்கிறேன். முதல் சுற்றில் 40 எலிகளை உயிரோடு பிடித்து, முதுகில் சாயம் தடவி விட்டுவிட்டோம். இரண்டு வாரம் கழித்து அதே இடங்களில் பொறி வைத்ததில் 30 சிக்கின, அதில் சாயம் இருந்தவை 3 மட்டும். 40-ஐ 30-ஆல் பெருக்கி 3-ஆல் வகுத்தால் 400. அங்குள்ள வளைகளைப் பார்த்தால் அவ்வளவு இருக்க வாய்ப்பே இல்லை. சூத்திரம் தப்பா?

பதில் 1:
சூத்திரம் சரிதான், லிங்கன்-பீட்டர்சன் முறை அதுவே. ஆனால் மறுபடி சிக்கிய 3 மிகச் சிறிய எண். இன்னும் ஒன்று சிக்கியிருந்தால் 300, ஒன்று குறைந்திருந்தால் 600 என்று விடை தாவும். இப்படிக் குறைவாகச் சிக்கும்போது சாப்மன் திருத்தத்தைப் போடுங்கள்: 41-ஐ 31-ஆல் பெருக்கி, 4-ஆல் வகுத்து, 1 கழித்தால் சுமார் 317. அதையும் ஒரே எண்ணாகச் சொல்லாமல் நம்பக வரம்போடு, அதாவது உண்மையான எண் எதிலிருந்து எதுவரை இருக்கலாம் என்று, சொல்லுங்கள்.

பதில் 2:
எனக்குச் சந்தேகம் சாயத்தின் மேல்தான். எலி ஓயாமல் தன் முடியை நக்கிச் சுத்தம் செய்துகொண்டே இருக்கும், சாயம் போன எலியை நீங்கள் புது எலி என்று எண்ணுவீர்கள், வகுக்கும் எண் குறையும், விடை ஊதிவிடும். எண் போட்ட காதுவில்லை மாட்டுங்கள். முடிந்தால் இரண்டு காதிலும். ஒன்று விழுந்தாலும் மற்றது காட்டிக்கொடுக்கும், எவ்வளவு விழுகிறது என்றும் தெரிந்துவிடும்.

கேட்டவர்:
நன்றி, காதுவில்லைக்கு மாறிவிடுகிறேன். ஒருமுறை பொறியில் சிக்கிய எலி பயந்து, மறுபடி பொறிப் பக்கமே வராமல் இருந்திருக்குமா?

பதில் 2:
இருக்கலாம், அதுவும் விடையைக் கூட்டத்தான் செய்யும். இரைக்குப் பழகித் திரும்பத் திரும்ப வந்தால் நேரெதிர், குறைவாகக் காட்டும். இரண்டே சுற்றில் இதைப் பிரித்தறிய முடியாது. தொடர்ந்து நான்கைந்து இரவுகள் பொறி வைத்து, எந்த எலி எந்த இரவில் சிக்கியது என்று எழுதிவையுங்கள்.

அப்புறம், எலிகளுக்கு இரண்டு வார இடைவெளி அதிகம். இறப்பதும் வெளியேறுவதும் குறியிட்டவை, இடாதவை இரண்டிலும் ஒரே விகிதத்தில் நடந்தால் முதல் சுற்றின்போது மொத்தம் எத்தனை எலி இருந்தன என்ற கணிப்பு கெடாது. குட்டிகள் வளர்ந்து வெளியே வந்தாலோ, பக்கத்திலிருந்து புது எலிகள் நுழைந்தாலோ அந்தக் கணக்கு போச்சு. நீண்ட இடைவெளி வேண்டுமென்றால் மூன்று சுற்றாவது பிடித்து, இடையில் சேர்வதையும் குறைவதையும் கணக்கில் எடுக்கும் ஜாலி-செபர் முறைக்குப் போங்கள்.

பதில் 1:
ஒன்று விட்டுப்போச்சு. பொறிக்குள் பஞ்சும் தீனியும் வைத்து, விடிந்ததும் திறந்துவிடுங்கள். இரவுக் குளிரில் எலி செத்துப்போகும், பாவம்.