“அவன் சுபாவமே அப்படித்தான்” என்று விட்டதில் ஒளிந்திருந்த நோய்: உங்கள் வீட்டில் எப்படி?

திருவாரூர்க்காரர்:
என் தம்பிக்கு டவுன் சிண்ட்ரோம், பிறவியிலேயே வரும் மரபணுக் குறைபாடு. 40 வயதை நெருங்குகிறான். சிறப்புப் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த வரை யாராவது எடை பார்த்தார்கள், காது பார்த்தார்கள். அது முடிந்தபின் காய்ச்சல் வந்தால்தான் ஆஸ்பத்திரி. போன குறுவை நடவில் ஆளே மாறிவிட்டான். வயலுக்கு டீ தூக்குவாளி கொண்டுவருவது அவன்தான். திண்ணையை விட்டு எழுந்திருக்கவில்லை. கூப்பிட்டால் திரும்பவில்லை. எடை ஏறியது, மலச்சிக்கல் வேறு. ஒரு டாக்டர், “இவங்களுக்கு மறதி சீக்கிரமே வரும், அதான்” என்று அனுப்பிவிட்டார்.

அவர் சொன்னது முழுப் பொய்யில்லை. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு அல்சைமர் 40களிலேயே தொடங்கலாம். ஆனால் அந்த முத்திரையைக் குத்தும் முன் தைராய்டு, காது, கண், தூக்கம் நான்கையும் பார்த்திருக்க வேண்டாமா? இன்னொரு டாக்டர்தான் டிஎஸ்ஹெச் என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனையை எழுதிக்கொடுத்தார். தைராய்டு நன்றாகவே குறைந்திருந்தது. காதில் குறும்பி கல்லாக அடைத்திருந்தது. தைராக்சின் மாத்திரையை விடிகாலையில் வெறும் வயிற்றில் கொடுக்கிறோம். சம்பா நடவுக்குள் வாளி மறுபடி அவன் கைக்கு வந்துவிட்டது. இப்போது வருஷம் தவறாமல் தைராய்டும் காதும் கண்ணும் பார்க்கிறோம். கண்புரை இவர்களுக்குச் சீக்கிரம் வருகிறது.

கும்பகோணம் அம்மா:
திருவாரூர்த் தம்பி சொல்வது அப்படியே என் வீட்டிலும் நடந்தது. மகனுக்கு ஆட்டிசம், வலிப்பும் உண்டு, பேச்சில்லை. திடீரென்று கன்னத்தில் தானே அறைந்துகொள்ள ஆரம்பித்தான். “பிடிவாதம் கூடிப்போச்சு” என்று அமைதிக்கான மாத்திரையின் அளவை ஏற்றினார்கள். நாள் முழுக்கத் தூங்கினான், விழித்ததும் மறுபடி அறைந்தான். அறைவது எப்போதும் ஒரே பக்கம். என் அக்காதான் அதைக் கவனித்தாள். கடைவாய்ப் பல்லில் சீழ்! வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிட்டாயின் ஈறைத் தடிக்க வைக்கும், அதில் பல் தேய்ப்பதே சிரமம். பல் டாக்டர் பொறுமைசாலி; முதல் நாள் நாற்காலியில் சும்மா உட்காரவைத்து அனுப்பினார். பல்லை எடுத்ததும் அறைவது நின்றது. இப்போது அவனுடைய நடத்தை மாறினால் பல், காது, வயிறு, சிறுநீர் எல்லாம் பார்த்த பிறகுதான் மனநல டாக்டரிடம் போகிறோம்.

மன்னார்குடி:
சின்ன விஷயம்தான். அண்ணன் நொண்டியதற்குக் காரணம் சேற்றுப்புண். அரிக்கிறது, எரிகிறது என்று அவனுக்குச் சொல்லத் தெரியாது. மழைக்காலத்தில் தினமும் ராத்திரி விரலிடுக்கைத் துடைத்துப் பார்க்கிறோம்.

பாபநாசம்:
அக்காவுக்குப் பெருமூளை வாதம், சக்கர நாற்காலி. அடிக்கடி நெஞ்சுச் சளி. படுக்கவைத்துக் கஞ்சி ஊட்டியதில் கொஞ்சம் நுரையீரலுக்குள் போயிருக்கிறது. இப்போது நிமிர்த்தி உட்காரவைத்து, கெட்டியாகக் குழைத்துச் சின்னக் கரண்டியில் ஊட்டுகிறோம். சாப்பிட்டபின் அரைமணி நேரமாவது படுக்க விடுவதில்லை. புட்டத்திலும் குதிகாலிலும் சிவப்பு தெரிகிறதா என்று குளிக்கும்போதே பார்த்துவிடுவோம், படுக்கைப்புண் அங்கேதான் கிளம்பும். தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வந்து கைகால் இறுகாமலிருக்கப் பயிற்சி சொல்லித்தருகிறார். மத்திய அரசின் நிரமயா மருத்துவக் காப்பீடு எடுக்காதவர்கள் எடுத்துவிடுங்கள். 1 லட்ச ரூபாய் வரை உண்டு. ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு நான்குக்கும் பொருந்தும். பில்களைப் பத்திரமாக வையுங்கள்.

மன்னார்குடி:
தைராய்டுக்கு ரத்தம் எடுத்தது எப்படி அண்ணா? எங்கள் ஆள் ஊசியைப் பார்த்தாலே லேபை விட்டு ஓடிவிடுவான்.

திருவாரூர்க்காரர்:
மரத்துப்போகும் களிம்பை டாக்டரிடம் கேளுங்கள். ஊசி குத்தும் இடத்தில் ஒரு மணி நேரம் முன்னால் தடவி மூடிவைக்க வேண்டும். லேபில் சொல்லிவைத்துக் கூட்டமில்லாத நேரமாகப் போங்கள். முதலில் நான் கையை நீட்டி எடுத்துக்கொண்டேன், அப்புறம் அவனே சட்டைக் கையை மடித்துவிட்டான்.