முன்குவிபார்வை, பின்குவிபார்வை: என் பரிந்துரையும் காரணங்களும்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

‘கிட்டப்பார்வை’, ‘தூரப்பார்வை’ என்ற கண் குறைகளின் பெயர்களுக்கு மாற்றுச் சொல் தேடி நம் குழுமத்தில் பேசி வருகிறோம். ‘கிட்டப்பார்வை’ என்ற சொல் எல்லாருக்கும் தெரிந்ததுதானே, புதுச்சொல் எதற்கு என்று சென்ற வாரம் ஒரு நண்பர் கேட்டிருந்தார். அவருக்கு என் வகுப்பறையிலிருந்தே விடை சொல்கிறேன்.

காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் இயற்பியல் ஆசிரியராக இருந்தவன் நான். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி புதுக் கண்ணாடியோடு வந்தாள். கரும்பலகையைப் பார்க்க வேண்டிய நேரத்தில் அதைக் கழற்றிப் பெட்டிக்குள் வைப்பாள். புத்தகத்தைத் திறந்ததும் மாட்டிக்கொள்வாள். பலகையில் எழுதுவதைப் பக்கத்துப் பெண்ணின் நோட்டைப் பார்த்தே எழுதி வந்தாள். அவள் தாயாரை வரச்சொல்லிக் கேட்டேன். “கிட்டப்பார்வைக் குறைபாடு என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் ஐயா. அதனால் கிட்டத்தில் வைத்துப் படிக்கும்போது மட்டும் போட்டுக்கொள்ளச் சொன்னேன்” என்றார்.

அந்தத் தாயாரிடம் ஒரு தவறும் இல்லை. செவித்திறன் குறைபாடு என்றால் செவித்திறனில் குறை. கிட்டப்பார்வைக் குறைபாடு என்றால் கிட்டப்பார்வையில் குறை. தமிழ் தெரிந்த எவரும் அப்படித்தான் பொருள் கொள்வார்கள். நாமோ கண்ணில் எஞ்சி நிற்கும் திறனைப் பெயராக வைத்துவிட்டு, அதன் பின்னால் ‘குறைபாடு’ என்று ஒட்டியிருக்கிறோம். அந்தப் பெண்ணுக்கு எழுதியிருந்த கண்ணாடி எண் மைனஸ் 2.5. அப்படிப்பட்ட கண்ணுக்கு 40 சென்டிமீட்டர் வரைதான் தெளிவு. புத்தகத்தை அவள் கண்ணாடி இல்லாமலே படித்திருக்கலாம். பலகைக்குத்தான் அது வேண்டியிருந்தது. ஒரு சொல்லால் ஏறக்குறைய ஒரு கல்வியாண்டு அவளுக்குக் கெட்டது. இதை நான் சிறிய விஷயமாக எண்ணவில்லை.

‘தூரப்பார்வை’ இன்னும் மோசம். அது நல்ல கண்ணின் பெயர் போல ஒலிக்கிறது. இந்தக் குறை உள்ள சிறுவனுக்குத் தூரமும் தெரியும், பெரும்பாலும் கிட்டமும் தெரியும். கண்ணுக்குள் இருக்கும் தசையை இடைவிடாமல் இறுக்கி அவன் ஈடுகட்டிக்கொண்டிருப்பான். கண் சோதிக்கும் எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரை படித்துக் காட்டிவிடுவான். மாலையில் தலைவலி, படிக்க உட்கார்ந்தால் சோர்வு. வீட்டில் சோம்பேறி என்று பெயர் வாங்குவான்.

குழுமத்தில் வந்த ‘குறும்பார்வை, நெடும்பார்வை’ இணையை என்னால் ஏற்க முடியவில்லை. குறுகிய பார்வை என்பது தமிழில் மனத்தின் குறையைச் சொல்லும். தொலைநோக்கு என்பது பாராட்டு. கண்ணாடி போட்ட குழந்தைக்கு வசைச்சொல்லோடு உறவுள்ள பெயர் வேண்டாம். ‘கிட்டமங்கல், தூரமங்கல்’ என்ற யோசனை பொருளளவில் சரியானது, எனக்கும் முதலில் பிடித்திருந்தது. ஆனால் நேற்றுவரை கிட்டப்பார்வை என்று எழுதிய நோய்க்கு நாளை தூரமங்கல் என்று எழுதினால், பழைய சீட்டும் புதுச் சீட்டும் ஒன்றுக்கொன்று எதிராகப் பேசும். கிட்ட, தூர என்ற இரண்டு சொற்களையுமே புதுப்பெயரில் தொடாமல் விடுவதுதான் பாதுகாப்பு.

ஆகவே என் பரிந்துரை: முன்குவிபார்வை, பின்குவிபார்வை.

கண்ணின் உள்ளே பின்புறம் பிம்பம் விழும் திரைதான் விழித்திரை. ஒளி விழித்திரைக்கு முன்னாலேயே குவிந்துவிட்டால் முன்குவிபார்வை. விழித்திரையைத் தாண்டிப் பின்னால்தான் குவியும் என்ற நிலை இருந்தால் பின்குவிபார்வை. திரையிலேயே குவிந்தால் நேர்குவிபார்வை. ‘குவிபார்வை’ வினைத்தொகை, அதனால் நடுவில் ‘ப்’ மிகாது. ‘முன்குவிவு’ என்று சுருக்கலாமே என்று தோன்றும்; ஆனால் குவிலென்சுக்குக் குவிவுவில்லை என்றும் வழங்குவதுண்டு. முன்குவிவைச் சரிசெய்யக் குழிவுவில்லை (குழிலென்சு) என்று எழுதினால் மாணவன் தடுமாறுவான்.

இந்தப் பெயரிலேயே மருந்தும் இருக்கிறது. முன்னால் குவிவதைத் தள்ளிப்போட ஒளியை விரிக்க வேண்டும், அதற்குக் குழிலென்சு, மைனஸ் எண். பின்னால் போவதை இழுத்துவர முன்கூட்டியே குவிக்க வேண்டும், அதற்குக் குவிலென்சு, பிளஸ் எண். கண்ணின் முன்புறத்துக் கருவிழிப்படலத்தை லேசரால் சீர்செய்யும்போதும் கணக்கு இதேதான். முன்குவிபார்வைக்கு அதன் நடுப்பகுதியைத் தட்டையாக்குகிறார்கள்.

மருத்துவர் ஐயா ஒருவர் எழுதியிருந்தார்: “விழித்திரை என்ன என்றே தெரியாத நோயாளிக்கு முன் ஏது, பின் ஏது?” நியாயமான கேள்வி. மாணவர்களுக்கு நான் இதை எங்கள் பழைய வீட்டில் வைத்துக் காட்டுவேன். முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்புச் சாந்து பூசிய சுவர், எதிரே வெயில் விழும் முற்றம். பிளஸ் 2 எண்ணுள்ள படிக்கும் கண்ணாடியைச் சுவரிலிருந்து அரை மீட்டருக்குச் சற்றுக் கூடுதலாகத் தள்ளிப் பிடித்தால், முற்றத்துத் தூண்கள் தலைகீழாகச் சுவரில் தெளிவாக விழும். கண்ணாடியைச் சுவரைவிட்டு இன்னும் விலக்கினால் பிம்பம் சுவருக்கு முன்னாலேயே உருவாகிவிடும், சுவரில் கலங்கல். நெருக்கினால் சுவருக்குப் பின்னால்தான் உருவாக முடியும், மறுபடி கலங்கல். இரண்டு நிமிடம் போதும், முன்குவியும் பின்குவியும் பிள்ளைகளுக்குப் புரிந்துவிடுகின்றன. விழித்திரைதான் அந்தச் சுவர். கண்ணின் நீளம் ஏறத்தாழ 24 மில்லிமீட்டர். சுவர் ஒரு மில்லிமீட்டர் பின்னால் நகர்ந்தாலே கண்ணாடி எண் ஏறக்குறைய இரண்டரையிலிருந்து மூன்று வரை மைனஸ் பக்கம் போய்விடும்.

வயதானால் கிட்டத்து எழுத்து மங்கும் வெள்ளெழுத்தின் பெயரை மட்டும் தயவுசெய்து யாரும் தொட வேண்டாம். ‘முதுமைத் தூரப்பார்வை’ என்று அதை மாற்றலாம் என ஒருவர் எழுதியதைப் படித்து வருந்தினேன். கறுப்பு எழுத்து வெளுத்துத் தெரிகிறது என்று பட்டவரே சொன்ன சொல் அது. எங்கள் ஆச்சி பனையோலைக் கொட்டான் முடைவார். நாற்பதைத் தாண்டியபின் ஓலையை ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் பிடித்தார். கடைசியில் கைதான் நீளம் போதவில்லை. அவர் கண் நீளவும் இல்லை, குறுகவும் இல்லை. கண்ணுக்குள் இருக்கும் லென்சு வயதால் இறுகி, கிட்டத்துப் பொருளுக்காக வளைந்துகொடுக்கும் திறனை இழந்துவிட்டது. இதற்கும் குவிலென்சுதான் கொடுக்கிறார்கள் என்பதால் வெள்ளெழுத்தும் தூரப்பார்வையும் ஒன்றாகிவிடாது. ஐரோப்பியரும் இவ்விரண்டையும் வெகுகாலம் குழப்பிக்கொண்டுதான் இருந்தார்கள். டச்சு மருத்துவர் டோண்டர்ஸ் 1864இல் வெளியிட்ட நூலில் இரண்டையும் தெளிவாகப் பிரித்தார். மையோபியாவுக்கு (கிட்டப்பார்வை) எதிர்நிலை முதுமைக் கண் அன்று, ஹைப்பர்மெட்ரோபியாதான் (தூரப்பார்வை) என்று நிலைநாட்டினார். அவர் பிரித்ததை நாம் பெயரால் மறுபடி ஒட்ட வேண்டுமா?

முன்குவிபார்வையும் வெள்ளெழுத்தும் ஒரே கண்ணில் இருக்கலாம் என்பதற்கு எங்கள் ஐயாவே சான்று. அறுபத்தைந்து வயதிலும் கண்ணாடி இல்லாமல் பேரேட்டின் பொடி எழுத்தைப் படிப்பார். என்ன கூர்மையான கண் என்று ஊரே வியந்தது. ஆனால் முகப்பில் உட்கார்ந்திருப்பவர், தெருவாசலில் வருபவரைக் குரல் கேட்ட பிறகே யாரென்று அறிவார். அது முன்குவிபார்வை. ஏறத்தாழ மைனஸ் 3 இருந்திருக்க வேண்டும். அப்படியானால் 33 சென்டிமீட்டரில் எழுத்து தானாகவே தெளியும். வெள்ளெழுத்து அவருக்கும் வந்திருந்தது, வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான். பேசும்போது கண்ணை இடுக்கிக்கொண்டே இருப்பார். மையோபியா என்ற கிரேக்கச் சொல்லுக்கு வேரும் அந்தக் கண்ணிடுக்கல்தான். இடுக்கும்போது ஓரத்துக் கதிர்கள் தடைபட்டுப் பிம்பம் கொஞ்சம் தெளிகிறது. நோயாளியின் முகத்தைப் பார்த்து வைத்த பெயர் அது. அந்த வகையில் நம் வெள்ளெழுத்துக்கு உறவு.

மருத்துவர்களிடம் ஒரு வேண்டுகோள். சொல் நிலைபெறும் வரை சீட்டில் ‘முன்குவிபார்வை (தூரத்துக்குக் கண்ணாடி)’ என்று அடைப்புக்குறியில் பயனையும் எழுதுங்கள்.

அஸ்டிக்மேடிசத்துக்கு ‘இருகுவிபார்வை’ என்று எழுதிப் பார்த்தேன். கருவிழிப்படலத்தின் வளைவு ஒரு திசையில் கூடியும் குறுக்குத் திசையில் குறைந்தும் இருப்பதால் ஒளி இரண்டு இடங்களில் குவிகிறது என்பது காரணம். ஆனால் ஒழுங்கற்ற வகையில் இரண்டு என்ற கணக்கு நிற்காது. ‘பல்குவிபார்வை’ என்றால் பல் என்ற உறுப்பை நினைவூட்டுகிறது. இதற்கு நல்ல முன்னொட்டு கிடைத்தால் தெரிவியுங்கள்.

அன்புடன்,
காரைக்குடியிலிருந்து ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியர்