தொங்கும் சிற்பம் அசைவதை முதன்முதலாகப் பார்த்த நொடி: உங்கள் அனுபவம்?

வாஷிங்டன் தேசிய கலைக்கூடம், கிழக்குக் கட்டடம். மழைக்கு ஒதுங்கத்தான் உள்ளே போனேன். அங்கே சிற்பி அலெக்சாண்டர் கால்டரின் பெரிய மொபைல் ஒன்று, அதாவது தொங்கி அசையும் சிற்பம்: 23 மீட்டர் அகலம், 400 கிலோவுக்கு மேல் எடை. எனக்கு அன்று அது கூரை அலங்காரம், அவ்வளவுதான். மேல் மாடியைச் சுற்றிவிட்டு வந்து கைப்பிடிச் சுவரில் சாய்ந்தேன். சற்று முன் இடது ஓரத்தில் இருந்த கறுப்புத் தகடு இப்போது என் கண்ணுக்கு நேரே! அது நகர்ந்ததை நான் பார்க்கவே இல்லை. அப்புறம் அசையாமல் நின்று பார்த்தேன். மொத்தமும் போய்க்கொண்டே இருந்தது, அறைக்குள் உலவும் காற்றில். மோட்டார் வைத்திருந்தால் ஒரு சுற்றோடு கிளம்பியிருப்பேன்.

---

மோட்டாரை இவ்வளவு லேசாக ஒதுக்காதீர்கள். 1931-இல் கலைஞர் மார்செல் டுஷாம்ப் ‘மொபைல்’ என்று பெயர் வைத்ததே, கால்டர் மோட்டாராலும் கைப்பிடியாலும் ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில்தான். என்னை இந்தக் கலைக்குள் இழுத்தது சிற்பி நௌம் காபோ 1919-20-இல் செய்த சிற்பத்தின் பிரதி. செங்குத்தாக ஒரே ஒரு எஃகுக் கம்பி. மோட்டார் ஓடியதும் கம்பி வேகமாக அதிர்ந்து கண்ணுக்கு மறைந்து, குடுவை போல ஓர் உருவம் காற்றில் நின்றது. நிறுத்தினார்கள், மறுபடி வெறும் கம்பி. எந்தக் காற்றும் இதைச் செய்யாது.

---

அக்கா குழந்தையின் தொட்டிலுக்கு மேலே நான் கட்டித் தொங்கவிட்ட மொபைல் ஒரே பக்கம் சரிந்து, அப்படியே நின்றது. குழந்தை அதைப் பார்த்த பார்வை இன்னும் உறுத்துகிறது. செய்யப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: கீழ்க் கம்பியில் தொடங்கி மேலே போங்கள். மேலிருந்து கட்டினால் ஒவ்வொரு முடிச்சையும் அவிழ்க்க வேண்டிவரும். ஒரு முனையில் 20 கிராம், மறுமுனையில் 10 கிராம், கம்பி 30 செ.மீ. என்றால், கனமான முனையிலிருந்து 10 செ.மீ. தள்ளித் தொங்கவிடுங்கள். கம்பிக்கும் எடை உண்டு, அதனால் கொஞ்சம் நகர்த்திப் பார்க்க வேண்டும். முக்கியமானது, தொங்கும் வளையம் இரு முனைகளையும் விடச் சற்று உயரத்தில் இருக்கட்டும். கம்பியை வில்லாக வளைத்தாலே போதும். என்னுடையது நேர்க்கம்பி, அதுதான் கவிழ்ந்தது. தகடுகளைப் படுக்கை வாட்டில் மாட்டுங்கள், அண்ணாந்து படுத்திருக்கும் குழந்தைக்கு விளிம்பு மட்டும் தெரிந்து என்ன பயன்? கைக்கு எட்டாத உயரத்திலும் இருக்க வேண்டும்.

---

மோட்டாரா காற்றா என்று மேலே பேசியவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. நான் பார்த்தது ஓர் அருங்காட்சியகத்தில், சன்னலே இல்லாத அறையில். மொபைல் செத்தது போலத் தொங்கியது. ஒரு சிறுமி தடுப்புக்கு மேல் எக்கி, கீழே இருந்த கடைசி இலை வடிவத் தகட்டை ஊதிவிட்டாள். காவலர் அதட்டினார், அம்மா கையைப் பிடித்து இழுத்தார். இலை சுழன்றது. அதைத் தாங்கிய கம்பி, அதற்கு மேல் கம்பி என்று அசைவு மெல்ல ஏறியது. உச்சியில் இருந்த நீளக் கம்பி திரும்பத் தொடங்கியபோது அந்தச் சிறுமி அடுத்த அறைக்குப் போயிருந்தாள். கூப்பிட்டுக் காட்டியிருக்கலாம்.